தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள்: கிரேட் டேன் வாங்கி நான் ஏமாந்த விவரம்

பெரிய இன நாய்க்குட்டி ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், அந்தப் பணம் கைமாறுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கிரேட் டேன் ஆண் குட்டியை வாங்கினேன். குட்டியின் வயது, தடுப்பூசி, மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு), பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே ஆகிய நான்கைப் பற்றியும் விற்றவர் சொன்னவை பொய். விற்றவரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் கையாண்ட வழிகளை வேறு பலரும் கையாளுகிறார்கள் என்பதால், ஆளைவிட வழிகளை அறிந்துகொள்வதுதான் உங்களைக் காப்பாற்றும்.

விளம்பரத்தில் இருந்த படங்களைப் பார்த்துத்தான் அவரைத் தொடர்புகொண்டேன். தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதும் அவர் மறுக்கவில்லை. குட்டிகள் சிறியவை, வெளியாட்கள் வந்து போனால் காலணி வழியாகக்கூடக் கிருமி தொற்றிவிடும், அதனால் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று விளக்கினார். அதில் உண்மை இல்லாமலில்லை. நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் அப்படியும் பரவக்கூடியதுதான். குட்டிகள்மீது இவ்வளவு அக்கறை உள்ளவராக இருக்கிறாரே என்று நான் நினைத்தேன். என் கேள்விக்குப் பதிலே வரவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை. பாதி வழியில் இருக்கும் ஒரு வாகன நிறுத்துமிடத்துக்குத் தானே குட்டியைக் கொண்டுவருவதாகச் சொன்னார். அட்டைப் பெட்டியில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு குட்டி தூங்கிக்கொண்டிருந்தான். "எட்டு வாரம் முடிஞ்சிருச்சு சார், ரெண்டு ஊசி போட்டாச்சு" என்று சொல்லி, தடுப்பூசி அட்டையையும் 15 இலக்க மைக்ரோசிப் எண் அச்சிட்ட வம்சாவளிச் சான்றிதழையும், கூடவே ஒரு டப்பா கால்சியம் தூளையும் கொடுத்தார். முழுத் தொகையையும் அங்கேயே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் குட்டியின் உதட்டை விரலால் விலக்கி, கடைவாய்ப் பக்கம் விளக்கைப் பிடித்துக் காட்டினார். எட்டு வாரக் குட்டிக்குப் பொதுவாக 28 பால் பற்களும் வந்துவிட்டிருக்கும். இவனுக்கோ பின்பக்கத்துப் பற்கள் ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளைப் புள்ளிகளாக அப்போதுதான் எட்டிப் பார்த்தன. "ஐந்து வாரம், மிஞ்சினால் ஐந்தரை" என்றார். பிறகு தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தார். ஊசி மருந்துக் குப்பியில் இருந்து உரித்து ஒட்டப்படும் சிறு சீட்டு எங்கும் இல்லை. இரண்டு தேதிகளும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியவைபோல இருந்தன. உண்மையான வயதோடு ஒப்பிட்டால் முதல் ஊசி ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் போடப்பட்டதாகிறது. அந்த வயதில் தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்பொருள்கள் தடுப்பூசியைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால்தான், 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரையாவது 2 முதல் 4 வார இடைவெளியில் தொடர்ந்து போடுகிறார்கள். கடைசியாக மைக்ரோசிப் கருவியைக் கழுத்தின் பின்புறமும் இரு தோள்களிலும் மெதுவாக நகர்த்திப் பார்த்தார். கருவியில் ஒன்றும் வரவில்லை. மூன்று முறை பார்த்தும் வரவில்லை. சான்றிதழில் இருந்த 15 இலக்கங்கள் யாருடையவை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மாலையே விற்றவரை அழைத்தேன். அவர் கோபப்படவில்லை, வாதாடவும் இல்லை. குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு குட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றார். முந்தைய இரவு முழுவதும் என் மகள் தன் போர்வையைத் தரையில் விரித்து அவன் பக்கத்திலேயே படுத்திருந்தாள். திருப்பிக் கொடுத்தால் அவன் அடுத்த வாரம் இன்னொரு வாகன நிறுத்துமிடத்துக்குப் போவான் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நான் கொடுக்கவில்லை, அதற்காக இன்றும் வருந்தவில்லை. ஆனால் இப்படி வாங்குபவரின் மனம் எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் அவர்கள் அந்த வாய்ப்பைத் தருகிறார்கள் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

அதே விளம்பரத்தின் வழியாகக் குட்டி வாங்கிய இன்னொரு குடும்பத்துடன் பின்னர் பேச நேர்ந்தது. அவர்களுடைய குட்டி ஒன்பதாவது நாள் பார்வோ நோயால் இறந்துவிட்டது. அட்டையில் இரண்டு ஊசிகள் பதிவாகியிருந்ததால், வாந்தி தொடங்கிய முதல் நாள் அவர்கள் அதை வேறு ஏதோ வயிற்றுக் கோளாறு என்று எண்ணிவிட்டார்கள். பார்வோவில் அந்த ஒரு நாள் மிகப் பெரிது. பொய்யான ஓர் அட்டை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

கால்சியம் தூளைப் பற்றி நான் விரிவாக எழுத விரும்புகிறேன். ஏனென்றால் அதை என் கையாலேயே கொடுத்தேன். பெரிய எலும்புக்கு இது கட்டாயம் வேண்டும் என்றும், ஒவ்வொரு மாத முடிவிலும் குட்டி இத்தனை கிலோ இருக்க வேண்டும் என்றும் விற்றவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்து வாரம் அதை நான் தவறாமல் பின்பற்றினேன். மருத்துவரிடம் தற்செயலாகச் சொன்னபோது அவர் அன்றே நிறுத்தச் சொன்னார். சுமார் ஆறு மாதம் வரை குட்டியின் உடலால் கால்சியத்தை வேண்டிய அளவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்க முடியாது. கொடுக்கக் கொடுக்க உறிஞ்சிக்கொள்ளும், அது எலும்பு வளர்ச்சியைக் குலைக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரிக்கப்படும் முழுமையான உணவில் வேண்டிய அளவு ஏற்கெனவே இருக்கிறது. குட்டியை வேகமாக எடை கூட்டுவதும் இதேபோன்ற கேடுதான். 48 லாப்ரடார்களை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. குறைவாக உண்ட நாய்கள் சராசரியாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குக் குறைவாகவும் தாமதமாகவும் வந்தது. கொழுகொழுவென்று இருக்கும் குட்டியைப் பார்த்து மகிழ்வது நம் இயல்பு. பெரிய இனத்தில் அந்த மகிழ்ச்சிக்கான விலையை நாய்தான் கொடுக்கிறது.

ஏழாவது மாதத்தில் வீரன் (குட்டிக்கு நாங்கள் வைத்த பெயர்) படியேறும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயலைப்போலத் தாவி வைக்கத் தொடங்கினான். படுத்திருந்து எழும்போது முன்கால்களை ஊன்றி, சிறிது நேரம் அப்படியே நின்று, பிறகுதான் பின்பகுதியைத் தூக்கினான். எட்டாவது மாதம் மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கிண்ணத்துக்குள் பந்துபோல ஆழமாக உட்கார்ந்திருக்க வேண்டிய தொடை எலும்பின் தலை, இரண்டு பக்கமும் தட்டையாகிக் கிண்ணத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தது. இது பரம்பரையாக வரும் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் கோளாறு. அதிகப்படியான எடையும் வேகமான வளர்ச்சியும் அதை மோசமாக்கும். நான் கொடுத்த கால்சியத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெற்றோர் இருவருக்கும், நாய்களின் மூட்டு எக்ஸ்ரேக்களை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பின் இடுப்புச் சான்றிதழ் உண்டு என்று விற்றவர் சொல்லியிருந்தார். இப்போது அதைக் கேட்டபோது எக்ஸ்ரே படம் ஒன்றைக் கைபேசியில் எடுத்து அனுப்பினார். அதில் நாயின் பெயரோ, மைக்ரோசிப் எண்ணோ, தேதியோ எதுவுமே இல்லை. அந்த அமைப்பு 24 மாத வயது நிறைந்த நாய்க்கு மட்டுமே இறுதிச் சான்றிதழ் தருகிறது. தாய்க்கு இருபது மாதம் என்று அவரே வாங்கும் நாளன்று பெருமையாகச் சொல்லியிருந்தார். இருபது மாத நாய்க்கு அந்தச் சான்றிதழ் கிடைத்திருக்க வழியே இல்லை. அந்த அமைப்பின் பதிவுகளை யார் வேண்டுமானாலும் நாயின் பெயரையோ பதிவு எண்ணையோ கொடுத்துத் தேடிப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் நான் அதைச் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ரசீதில் "7 நாள் உடல்நல உத்தரவாதம்" என்று அச்சிட்டிருந்தது. இடுப்புக் கோளாறு குட்டி பிறந்து சில மாதங்கள் கழித்துத்தான் நடையில் தெரியும். ஏழு நாளில் தெரியவே முடியாத நோய்க்கு ஏழு நாள் உத்தரவாதம் கொடுப்பது எந்தப் பொறுப்பையும் ஏற்காததற்குச் சமம்.

செலவைப் பற்றிக் கேட்டபோது, நாய் பெரிதாக இருந்தால் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான் என்று அவர் சொல்லியிருந்தார். 5 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 100 கிராம் அளவுக்கு உலர் உணவு போதும். 60 கிலோ நாய்க்கு 600 முதல் 700 கிராம் வரை வேண்டும், அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ. இதை நீங்கள் எளிதில் கணக்கிட்டுவிடலாம். கணக்கில் வராமல் போவது மருந்து. குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, மயக்க மருந்து, வலி நிவாரணி என்று பலவற்றின் அளவும் எடையைப் பார்த்தே முடிவாகிறது. சிறிய நாய்க்கு அரை மாத்திரை என்றால் இவனுக்கு ஆறு. முதல் ஆண்டு முடிவதற்குள் மருத்துவத்துக்கு மட்டும் குட்டியின் விலையைப்போல நான்கு மடங்கு செலவழித்திருந்தேன். செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தும் அறுவை சிகிச்சைக்கான தொகையை அதில் சேர்க்கவில்லை. அது என்னால் இயலாத தொகை.

மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கிரேட் டேன்களுக்கு அது மிக அதிகம். வயிறு பறைபோல இறுகுவது, வாந்தி எடுக்க முயன்றும் நுரையைத் தவிர எதுவும் வராமல் போவது, படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் எதைப் பார்த்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். எங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி, வேறொரு அறுவை சிகிச்சைக்காக மயக்கம் கொடுத்தபோதே வீரனின் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டோம். அதன் பிறகும் உப்பலாம், ஆனால் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு மிகவும் குறைவு. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, மயங்கிக் கிடக்கும் 60 கிலோ உடலை அங்கே எப்படிக் கொண்டுபோவீர்கள் என்ற இரண்டையும் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நாங்கள் தடித்த போர்வையின் நான்கு முனைகளையும் பிடித்துத் தூக்கிப் பழகினோம். இரண்டு பேரால் முடியவில்லை. மூன்றாவது ஆள் வேண்டியிருக்கிறது.

ஐந்து வாரத்தில் தாயிடமிருந்து பிரித்ததன் விளைவு வேறு விதமாக வந்தது. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் விளையாடித்தான் கற்கின்றன. இவனுக்கு அந்தப் பாடம் கிடைக்கவே இல்லை. விளையாட்டாக அவன் என் மகளின் மணிக்கட்டைக் கவ்விய இடம் ஒரு வாரம் நீலம் பாரித்திருந்தது. எட்டு மாதத்தில், 45 கிலோ எடையில், எதிரே வந்த ஒரு முதியவரைப் பார்த்த மகிழ்ச்சியில் என் கையில் இருந்த கயிற்றை உருவிக்கொண்டு ஓடி அவர்மீது பாய்ந்தான். கடிக்கவில்லை, நக்கத்தான் போனான். அவர் கீழே விழுந்து உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. மருத்துவச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் பெருந்தன்மையோடு பேசினார். சிறிய நாய் பாய்ந்தால் அது விளையாட்டு, பெரிய நாய் பாய்ந்தால் அது விபத்து. சட்டமும் அண்டை வீட்டாரும் நாயின் எண்ணத்தைப் பார்க்கமாட்டார்கள், உரிமையாளர் என்ற முறையில் நீங்கள்தான் பொறுப்பு. அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரிடம் ஓராண்டு வாரந்தோறும் சென்றோம். வீட்டில் கயிற்றைப் பிடிக்க அனுமதி உள்ளவர்கள் இருவர் மட்டும்.

இப்போது யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் நான் சொல்வது இதுதான். குட்டி பிறந்த இடத்துக்கு நேரில் போய், தாய் குட்டிகளுக்குப் பால் கொடுப்பதையோ அவற்றோடு படுத்திருப்பதையோ பாருங்கள். கிருமி பற்றிய கவலை என்றால் காலணியைக் கழற்றிவிட்டு, கை கழுவிக்கொண்டு, தொலைவில் நின்று பார்க்கலாம், நேர்மையானவர் அதற்கு வழி செய்துகொடுப்பார். பெற்றோரின் மைக்ரோசிப் எண்ணையும் சான்றிதழ் எண்ணையும் வாங்கி நீங்களே சரிபாருங்கள். உங்கள் மருத்துவர் குட்டியின் பற்களையும் சிப்பையும் பார்க்கும் வரை முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். பரம்பரை நோய்களுக்கு இரண்டு வயது வரையாவது விற்றவர் பொறுப்பேற்பதாக எழுத்தில் கேளுங்கள். குட்டிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், காப்பகத்தில் இருக்கும் வளர்ந்த நாயை எண்ணிப் பாருங்கள். அதன் இடுப்பை எக்ஸ்ரேயில் பார்த்துவிடலாம், குணத்தையும் சில நாள் பழகித் தெரிந்துகொள்ளலாம்.

வீரனுக்கு இரண்டரை வயதாகிறது. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு எடையைக் குறைத்தே வைத்திருக்கிறோம். தினமும் வலி மாத்திரை, வாரம் இரண்டு முறை நீச்சல். இந்த இனத்தின் வாழ்நாள் பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள்தான் என்பதால், அவனுடைய ஒவ்வொரு நல்ல நாளையும் நாங்கள் மதிக்கிறோம். தடுப்பூசி அட்டை, சான்றிதழ், ரசீது, எக்ஸ்ரே ஆகிய அனைத்தின் நகல்களோடும் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை. கடந்த மாதம் அதே தொலைபேசி எண்ணில் புதிய விளம்பரம் வந்திருக்கிறது. எட்டு வாரக் குட்டிகள், இரண்டு ஊசி போடப்பட்டவை என்று எழுதியிருக்கிறார்கள். ஆறு படங்கள் இருக்கின்றன. ஒன்றில்கூடத் தாய் இல்லை.