எல்லையோரம் சுற்றும் போர் விமானங்களைப் பார்க்க ஃப்ளைட்ரேடார்24 வாங்கலாமா?

ஃப்ளைட்ரேடார்24 செயலியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "துபாயிலிருந்து வரும் மச்சான் ஃப்ளைட் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அது நல்ல செயலிதான். நான் காசு கட்டி வாங்கியது வேறு ஒன்றுக்காக. ஒரு நாட்டின் போர் விமானம் இன்னொரு நாட்டின் வான் எல்லையை ஒட்டிப் பறந்து, தன் பலத்தைக் காட்டிவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகிறதே, அதை நம் கண்ணால் பின்தொடர முடியுமா என்று பார்க்கத்தான். பாதி முடியும், பாதி முடியாது. ஆனால் அந்தப் பாதிக்கே கொடுத்த காசு தகும் என்பது என் முடிவு.

முதலில் செயலி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2006-ல் ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு விமான ஆர்வலர்கள் பொழுதுபோக்காக ஆரம்பித்தது இது. பெரும்பாலான விமானங்களில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி, தான் எங்கே, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சொல்லிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடியில் சின்ன ஆன்டெனா வைத்திருக்கும் ஆர்வலர்கள் உலகம் முழுக்க அதைப் பிடித்து அனுப்புகிறார்கள், செயலி வரைபடமாக்கிக் காட்டுகிறது. எங்கள் கிருஷ்ணகிரி வானத்துக்கு மேலே பெங்களூரில் இறங்கவும் ஏறவும் போகிற விமானங்களுக்குப் பஞ்சமே இல்லை. ராத்திரி மாடிக்குப் போய், சையத் பாஷா மலைக்கு மேலே நகரும் விளக்கை நோக்கி போன் கேமராவைத் தூக்கிப் பிடித்தால், அது எந்த விமானம், எங்கிருந்து எங்கே போகிறது என்று திரையிலேயே எழுதிக் காட்டும். பயணிகள் விமானத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ராணுவ, அரசு விமானங்களை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி இதில் உண்டு. அதைப் போட்டுவிட்டு ஐரோப்பா பக்கம் நகர்த்துங்கள். இங்கிலாந்தின் மில்டன்ஹால் தளத்திலிருந்து அமெரிக்காவின் ஆர்சி-135 உளவு விமானம் கிளம்பி வருவதைப் பல நாள் பார்க்கலாம், ஜேக் என்று தொடங்கும் அழைப்புப் பெயரில். போலந்து வழியாக வந்து, ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியைச் சுற்றி, எல்லைக்கு வெளியிலேயே, போன வழியிலேயே திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி, மணிக்கணக்கில் அதே கோட்டில் ஓடும். தடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து தடித்துக் கிடக்கும். எந்தத் திருப்பத்திலும் எல்லைக் கோட்டைத் தொட்டிருக்காது. அந்தத் துல்லியத்தைப் பார்த்தாலே, அவர்கள் எத்தனை கவனமாக எல்லையை அளந்து பறக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

அப்புறம் ஃபோர்டே என்ற அழைப்புப் பெயர். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிசிலியில் இருக்கும் சிகோனெல்லா தளத்திலிருந்து அந்தப் பெயரில் கிளம்பும் அமெரிக்காவின் குளோபல் ஹாக் ஆளில்லா விமானம், 50,000 அடிக்கு மேலே பறப்பது, உக்ரைன் வானில் டிரான்ஸ்பாண்டரைப் போட்டுக்கொண்டே சுற்றியது. போர் ஆரம்பித்த பிறகு கருங்கடலின் சர்வதேச வான்பரப்புக்குத் தள்ளிப்போய்ச் சுற்றியது. மறைந்து போக நினைத்தால் டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிடலாம், ராணுவ விமானத்துக்கு அந்த வசதி உண்டு. அணைக்கவில்லை என்றால், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை நீங்களும் பாருங்கள் என்று சொல்வதாகத்தான் அர்த்தம். இந்தச் செயலியில் ராணுவ விமானம் தெரிந்தால், அது பெரும்பாலும் தெரியட்டும் என்று விட்டது. வாங்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் திரையைப் பார்க்க வேண்டும்.

2022 ஆகஸ்ட் 2-ல் அப்போதைய அமெரிக்க நாடாளுமன்றக் கீழ்சபைத் தலைவர் நான்சி பெலோசி தைவானுக்குப் போன விமானம் இன்னொரு உதாரணம். ஸ்பார்19 என்ற அழைப்புப் பெயர். கோலாலம்பூரில் கிளம்பி நேராக வடக்கே தென்சீனக் கடல் மேல் போகாமல், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே பெரிய வளைவு போட்டுத் தைபே போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு ஃப்ளைட்ரேடார்24-ல் சுமார் 29 லட்சம் பேர் அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்தார்கள், தரையிறங்கும் நேரத்தில் மட்டும் 7 லட்சத்துக்கு மேல். அது போர் விமானம் இல்லை, ஆனால் எந்த வழியாகப் போகிறோம் என்பதே ஒரு பேச்சாகிவிடும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் டிவி செய்திகள் இதில்தான் நம்மைக் குழப்புகின்றன. ஒரு நாட்டின் சொந்த வான்பரப்பு என்பது அதன் நிலத்துக்கும், கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைக்குமான கடலுக்கும் மேலே உள்ளது மட்டும்தான். அதைத் தாண்டினால் சர்வதேச வான்வெளி, யாரும் பறக்கலாம். ஆனால் பல நாடுகள் அந்த 12 மைலுக்கு வெளியே வெகுதூரத்துக்கு "வான் பாதுகாப்பு அடையாள மண்டலம்" என்று ஒன்றைப் போட்டு வைத்திருக்கின்றன. உள்ளே வருகிறவர் யார் என்று சொல்லிவிட்டு வரவேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. 1950-ல் அமெரிக்கா ஆரம்பித்தது, இந்தியாவுக்கும் உண்டு. இந்த மண்டலத்துக்கு வெளிநாட்டு விமானத்தை உள்ளே வராதே என்று தடுக்கும் சட்ட உரிமை கிடையாது. நம்ம ஊர் மாந்தோப்பு வேலியை ஒட்டின பொது ரோட்டில், காய்ப்புக் காலத்தில் ஒருவர் தினமும் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டே போகிறார் என்று வையுங்கள். வேலி தாண்டவில்லை, ரோடு எல்லோருக்கும் பொது, கேட்க முடியாது. ஆனாலும் தோப்புக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து நிற்கத்தான் செய்வார். போர் விமான ரோந்தின் நோக்கமே அதுதான், எதிராளியை எழுப்பி நிற்க வைப்பது.

2013 நவம்பர் 23-ல் சீனா கிழக்குச் சீனக் கடலில் இப்படி ஒரு மண்டலத்தை அறிவித்தது. சில நாட்களிலேயே அமெரிக்கா குவாமிலிருந்து இரண்டு பி-52 குண்டுவீச்சு விமானங்களை, எந்தத் தகவலும் கொடுக்காமல், அதன் குறுக்கே அனுப்பியது. ஆயுதம் ஏற்றாத விமானங்கள், ஒன்றும் நடக்கவில்லை, சொல்ல வேண்டியது மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. தைவான் கதையும் இதுவே. 2024 அக்டோபர் 14-ல் நடந்த சீன ராணுவப் பயிற்சியின்போது அந்தத் தீவைச் சுற்றி 153 சீன ராணுவ விமானங்களை எண்ணியதாகத் தைவான் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. அவை தைவானின் 12 மைலுக்குள் வரவில்லை. ஆனால் நம் பக்கத்துச் செய்திகளில் இப்படிப்பட்ட எல்லாவற்றுக்கும் "வான் எல்லையில் ஊடுருவல்" என்றே தலைப்பு போடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அக்னிவீருக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் படிக்கும் பிள்ளைகள் அந்தத் தலைப்பை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள்.

சரி, செயலியில் தெரியாத பாதி எது? ரஷ்யாவின் டியு-95, சீனாவின் எச்-6 மாதிரியான குண்டுவீச்சு விமானங்கள் ரோந்து போகும்போது இதில் பார்க்கலாம் என்று நம்பி வாங்காதீர்கள். பெரும்பாலும் டிரான்ஸ்பாண்டர் அணைந்திருக்கும். தரையில் இருக்கும் ஆன்டெனாவுக்கும் சுமார் 400 கிலோமீட்டர்தான் எட்டும், நடுக்கடலில் அது உதவாது. அதனால் நான் செயலியோடு சேர்த்து மூன்று இடங்களைப் பார்க்கிறேன்: அமெரிக்க-கனடா கூட்டு அமைப்பான நோராட்டின் அறிவிப்புகள், ஜப்பான் கூட்டுப் படைத் தலைமையகம் வெளியிடும் வரைபடங்கள், தைவான் அமைச்சகத்தின் தினசரி அறிக்கை. மூன்றும் இலவசம். 2024 ஜூலை 24-ல் இரண்டு ரஷ்ய டியு-95-களும் இரண்டு சீன எச்-6-களும் சேர்ந்து முதல் முறையாக அலாஸ்கா அருகே வந்ததை நோராட் அறிவிப்பில்தான் படித்தேன். அதிலேயே, அமெரிக்க, கனடா சொந்த வான்பரப்பில் நுழையவில்லை என்றும் தெளிவாக எழுதியிருந்தார்கள். 2022 மே 24-ல் டோக்கியோவில் மோடியும் பைடனும் மற்ற குவாட் தலைவர்களும் கூடியிருந்த அதே நாளில் சீன, ரஷ்ய குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பான் கடல் மேலே ஒன்றாகப் பறந்ததையும் ஜப்பான் வரைபடமாகவே போட்டது. நாளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

டியு-95 என்றால் நமக்குத் தொடர்பில்லாத ஏதோ ரஷ்யச் சாமான் என்று நினைக்க வேண்டாம். 1952-ல் முதலில் பறந்த அந்த விமானத்தின் கடற்படை வடிவம்தான் டியு-142, அது நம் அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் 2017 மார்ச் வரை இருந்தது. ஓய்வு பெற்றதில் ஒன்றை விசாகப்பட்டினம் ஆர்.கே. பீச்சில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், குடும்பத்தோடு போனால் உள்ளே ஏறிப் பார்க்கலாம். அதன் இடத்துக்கு வந்த பி-8ஐ விமானங்கள் இப்போதும் அரக்கோணத்திலிருந்து இந்தியப் பெருங்கடலைக் காவல் காக்கின்றன.

எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இந்தத் தடங்களைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பக்கத்துல வர்ற விமானம் எவ்வளவு தள்ளி நிக்குது தம்பி?" என்பதுதான். ரோந்து விமானத்தைக் கண்காணிக்க எதிராளி அனுப்பும் போர் விமானத்தைச் சொல்கிறார். அதைச் செயலி சொல்லாது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. 2001 ஏப்ரல் 1-ல் ஹைனான் தீவு அருகே அமெரிக்க ஈபி-3 உளவு விமானத்தோடு சீனாவின் ஜே-8 போர் விமானம் மோதி, சீன விமானி இறந்தார், அமெரிக்க விமானத்தில் இருந்த 24 பேரும் ஹைனானில் இறங்கிப் பிடிபட்டார்கள். 2019 ஜூலை 23-ல் ரஷ்ய-சீன முதல் கூட்டு ரோந்தின்போது ரஷ்ய ஏ-50 விமானம் டோக்டோ தீவின் வான்பரப்புக்குள் வந்ததாகச் சொல்லித் தென்கொரியப் போர் விமானங்கள் சுமார் 360 எச்சரிக்கைக் குண்டுகள் சுட்டன. எல்லாவற்றையும்விட 1983 செப்டம்பர் 1. அன்றிரவு கம்சட்கா அருகே ஒரு அமெரிக்க ஆர்சி-135 சுற்றிவிட்டுப் போயிருந்தது. வழி தவறி சோவியத் வானுக்குள் வந்த கொரியப் பயணிகள் விமானத்தையும் அதே மாதிரி உளவு விமானம் என்று எண்ணிச் சுட்டார்கள், 269 பேர் போனார்கள். பலம் காட்டுகிற ரோந்துகளுக்கு இந்த விலையும் உண்டு என்பதால்தான் இதை வேடிக்கையாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் 1991-லேயே ஒப்பந்தம் போட்டு, போர் விமானங்கள் அடுத்தவர் வான் எல்லைக்கு 10 கிலோமீட்டர் இப்பாலேயே நிற்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கின்றன. அத்தனை பகைக்கு நடுவில் இது முடிந்ததென்றால் மற்றவர்களும் செய்யலாம்.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், பழைய தடம் 7 நாள் வரைதான். சில்வர் திட்டத்தில் 90 நாள், கோல்டில் ஒரு வருஷம். ரோந்துகளைப் பின்தொடர வேண்டுமென்றால் சில்வரே போதும், ஏனென்றால் அறிவிப்பு வந்த பிறகு பின்னால் போய் அந்த நாளின் வானத்தைப் பார்ப்பதுதான் நம் வேலை. பயணிகள் விமானங்கள் மட்டும் பார்ப்பவர்கள் காசே கட்ட வேண்டாம். வீட்டில் ஆன்டெனா வைத்துத் தரவு அனுப்புகிறவர்களுக்குப் பிசினஸ் திட்டத்தையே இலவசமாகத் தருகிறார்கள். விமான உரிமையாளர் கேட்டால் தடத்தை மறைக்கும் வழக்கம் ஃப்ளைட்ரேடார்24-க்கு உண்டு. ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் தளம் அப்படி வடிகட்டுவதில்லை, ராணுவ விமானத்துக்கு அதையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று, டிரான்ஸ்பாண்டர் அணைத்துவிட்டுப் போகும் விமானங்களுக்காக.