எலக்ட்ரிக் எஸ்யூவி, மூன்று வருடம் ஓட்டிய பிறகு: பெங்களூருக்குள் நிம்மதி, ஊருக்குப் போக ஒரு கணக்கு

எலக்ட்ரிக் கார் வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதுதான். மூன்று வருடத்துக்கு மேல், 40,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு: "உங்கள் பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் போட முடியுமா?" முடியும் என்றால், பெங்களூரில் இதைவிட நிம்மதியான குடும்ப வண்டி இல்லை. முடியாது என்றால், எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

என்னுடையது ஐந்து பேர் உட்காரும் நடுத்தர எஸ்யூவி. 40 யூனிட் (கிலோவாட் ஹவர்) எல்எஃப்பி பேட்டரி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி இந்த அளவு பேட்டரி உள்ள எந்த வண்டிக்கும் பொருந்தும். வீட்டில் நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அம்மா. வீடு ராமமூர்த்தி நகர் பக்கம், ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி, சொந்த ஊர் நாமக்கல். இந்த மூன்று இடத்தையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஊருக்குள் ஓட்டுவதில் இந்த வண்டியைக் குறை சொல்ல எனக்கு எதுவுமே இல்லை. அவுட்டர் ரிங் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு மாரத்தஹள்ளியைத் தாண்டி சில்க் போர்டு வரை ஊர்ந்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். பெட்ரோல் வண்டிக்கு நெரிசலில் மைலேஜ் விழும். இதற்கு நேர்மாறு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால் நகரத்துக்குள் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஹைவேயில் 90-ல் போனால் அதே யூனிட்டுக்கு 6 சொச்சம், 110-ல் போனால் 5-ஐ ஒட்டி வந்துவிடும். வேகம் கூடக்கூட காற்றின் எதிர்ப்பு பல மடங்காக ஏறுவதுதான் காரணம். காகிதத்தில் 450 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருந்தார்கள். எனக்கு ஊருக்குள் 280, ஹைவேயில் 240 என்பதுதான் நம்பிப் போகக்கூடிய கணக்கு.

டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் சார்ஜ் தீர்ந்துவிடாதா என்று என் மாமா இன்றும் கேட்கிறார். தீராது. பெங்களூர் வெயிலுக்கு ஏசியும் மற்றதும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் அளவுதான் எடுக்கும். இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றாலும் போவது 12, 14 கிலோமீட்டர் தூரத்துக்கான சார்ஜ். டெல்லி வெயிலும் குளிரும் இங்கே இல்லாதது பேட்டரிக்கும் நல்லது. மூன்று வருடத்தில் ரேஞ்ச் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் தினசரி ஓட்டத்தில் தெரியும் அளவுக்கு இல்லை.

அப்புறம் உடம்புக்குக் கிடைக்கும் ஓய்வு. முன்பிருந்த வண்டியில் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்காலில் வலி வந்திருந்தது. அது இப்போது இல்லை. இன்ஜின் அதிர்வு இல்லாததால் பின்சீட்டில் அம்மா மெதுவாகப் பேசுவதுகூட முன்னால் கேட்கிறது. ஆபீஸிலிருந்து வீடு வந்து சேர்ந்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் பாடம் பார்க்கத் தெம்பு மிச்சம் இருக்கிறது. எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய லாபம்.

சத்தமில்லாததில் ஒரு ஆபத்தும் உண்டு. அல்சூர் பஜார் தெருவில் கோயிலுக்குப் போகிறவர்கள் வண்டி பின்னால் வருவதே தெரியாமல் நடுத்தெருவில் நடப்பார்கள். ஹாரன் அடித்தால் பதறுவார்கள். அந்த மாதிரி தெருக்களில் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது பிளக் பாயிண்ட் விஷயம். அதிக நேரமும் பொறுமையும் கேட்டது இதுதான். எங்கள் அபார்ட்மெண்டில் முதல் எலக்ட்ரிக் கார் என்னுடையது. அசோசியேஷனில் "பேஸ்மெண்டில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். நியாயமான பயம்தான். வீட்டு மின் இணைப்பிலிருந்தே காருக்கு சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. அதை அச்செடுத்துக் கொடுத்தேன். லோடு கூடினால் தானாக அணையும் தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி, நல்ல எர்த்திங், என் மீட்டரிலிருந்தே லைன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார்கள்.

வேலையைச் செய்து கொடுத்த எலக்ட்ரீஷியன் திருப்பத்தூர்க்காரர். அவர் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்: "சார், மிக்ஸியும் அயர்ன்பாக்ஸும் பத்து நிமிஷம் ஓடும். கார் ராத்திரி பூரா இழுக்கும். சாதா ஒயர் போட்டா பிளக் உருகிடும். ஆறு ஸ்கொயர் காப்பர் போடுங்க, பிற்பாடு பெரிய சார்ஜர் வெச்சாலும் தாங்கும்." அப்படியே போட்டோம். இப்போதும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஓடும்போது பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக்கூடாது.

15 ஆம்ப்ஸ் பாயிண்டில் காலியிலிருந்து நிரம்ப 13, 14 மணி நேரம் ஆகும். கேட்கும்போது மலைப்பாக இருக்கும், ஆனால் தினம் 60 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ராத்திரி மூன்று மணி நேரம் போதும். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டுமென்றால் பெங்களூர் மின்வாரியமான பெஸ்காமில் சாங்ஷன் லோடை (வீட்டுக்கு அனுமதித்த மின் அளவை) கூட்ட வேண்டியிருக்கும். எனக்கு இதுவரை அந்தத் தேவை வரவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது கார் சார்ஜ் ஆகாதபடி லைனைப் பிரித்துவிடுங்கள். அபார்ட்மெண்ட் டீசல் மின்சாரத்தின் விலையில் கார் ஓட்டினால் லாபம் எல்லாம் கரைந்துவிடும்.

இன்னொன்று, எல்எஃப்பி பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு. போனுக்குச் சொல்வது மாதிரி 80 சதவீதத்தோடு எப்போதும் நிறுத்த வேண்டியதில்லை. இந்த வகை பேட்டரியில் 20-லிருந்து 90 வரை வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், மிச்சம் எவ்வளவு என்பதை வண்டி சரியாகக் கணிக்கத் திணறும். வாரம் ஒருமுறை 100 வரை நிரப்பினால்தான் அந்தக் கணக்கு நேராகும். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி பேட்டரி என்றால் தினசரிக்கு 80 போதும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, வீட்டு மின்சாரத்தில் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். பொது ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட்டுக்கு 20 ரூபாயை ஒட்டி, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி; ஆகக் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி இங்கே நெரிசலில் லிட்டருக்கு 10, 11 தான் தரும், அதாவது கிலோமீட்டருக்கு 9, 10 ரூபாய். வீட்டு பிளக் இல்லாதவருக்கு லாபம் எவ்வளவு சுருங்குகிறது என்று இதிலேயே தெரியும். விலையில் மூன்றரை லட்சம் கூடக் கொடுத்தால், 40,000 கிலோமீட்டரைத் தாண்டும்போது அது திரும்பி வரும். நான் வாங்கியபோது கர்நாடகாவில் எலக்ட்ரிக் கார்களுக்கு சாலை வரி கிடையாது. அதே விலையில் பெட்ரோல் வண்டி என்றால் 17 சதவீதம். 2024-ல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட எலக்ட்ரிக் கார்களுக்கு 10 சதவீதம் கொண்டுவந்தார்கள். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 18 ஆகக் குறைந்துவிட்டது. எனவே பழைய கணக்குகளை நம்பாமல், இன்றைய ஆன்ரோடு விலை இரண்டையும் வாங்கி வைத்துப் பாருங்கள்.

சர்வீஸ் செலவு குறைவுதான். இன்ஜின் ஆயில் இல்லை, பெல்ட் இல்லை, பிரேக் பேட் இன்னும் பாதிகூடத் தேயவில்லை. டயர் மட்டும் சீக்கிரம் போகும். பேட்டரியின் எடையும் மோட்டாரின் இழுவையும் சேர்ந்து என் முன் டயர்கள் இரண்டையும் 35,000-லேயே மாற்ற வைத்துவிட்டன.

குறைகளில் எனக்கு முதலில் வருத்தம் தருவது பின்சீட். பேட்டரியைத் தரைக்கு அடியில் வைத்ததில் பின்பக்கத் தரை உயர்ந்துவிட்டது. சீட்டை அதற்கேற்ப உயர்த்தவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, தொடைக்குத் தாங்கல் இல்லாமல் எல்லா பாரமும் இடுப்பில் இறங்குகிறது. அம்மாவுக்கு மூட்டு வலி. முதல் நீண்ட பயணத்தில் ஓசூர் தாண்டுவதற்குள், "ஏம்ப்பா, மணையில குத்த வெச்ச மாதிரி இருக்குது, எங்கயாவது நிறுத்து" என்றார். இப்போது அவருக்கு எப்போதும் முன்சீட்டுதான். குடும்ப வண்டி என்று விற்கும் ஒன்றில் குடும்பத்தின் மூத்தவர் பின்னால் உட்கார முடியாது என்பது பெரிய குறை. புதிதாகவே எலக்ட்ரிக்குக்கென்று வடிவமைத்த வண்டிகளில் இது கொஞ்சம் பரவாயில்லை. பெட்ரோல் வண்டியை மாற்றிச் செய்தவற்றில்தான் அதிகம்.

அடுத்தது 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருக்கும்போதே ஒரு நாள் காலை வண்டி உயிரற்றுக் கிடந்தது. கதவுகூட சாவி போட்டுத்தான் திறந்தது. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலேக்களை இயக்குவதே அந்தச் சின்ன பேட்டரிதான். அது செத்தால் எல்லாம் நின்றுவிடும். சர்வீஸ் சென்டரில் எலக்ட்ரிக் வண்டி தெரிந்த டெக்னீஷியன் அன்று லீவு என்று ஒரு வாரம் இழுத்தார்கள். அப்போதிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று டிக்கியில் இருக்கிறது.

ஊர்ப் பயணம்தான் இந்த வண்டியை உண்மையில் சோதிக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 920 மீட்டர் உயரம், சேலம் 280. போகும்போது அவ்வளவும் இறக்கம். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் பிரேக்கையே தொடாமல் இறங்கினால் கீழே வரும்போது சார்ஜ் ஒன்றிரண்டு சதவீதம் ஏறியிருக்கும். திரும்பி வரும்போது ஐந்து பேரும், அரிசி மூட்டையும், தேங்காயும் ஏற்றிய வண்டியை அதே 640 மீட்டர் தூக்க, சாதாரண ஓட்டத்துக்கு மேல் 3, 4 யூனிட் செலவாகும். தொப்பூர் ஏற்றத்தை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை சாலை சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியாமல் சார்ஜைத் தின்னும். எனவே போக ஒரு நிறுத்தம், வர ஒரு நீண்ட நிறுத்தம் என்று திட்டம் போடுகிறேன்.

சாதாரண நாட்களில் இது கஷ்டமே இல்லை. ஹோட்டல் வளாகத்தில் சார்ஜர், நாங்கள் டிபன் முடித்து பிள்ளைகள் கை கழுவி வருவதற்குள் 20-லிருந்து 80 ஆகியிருக்கும். பண்டிகை முடிந்து திரும்பும் நாள்தான் வேறு. போன பொங்கலுக்குப் பிறகு கிருஷ்ணகிரி பக்கம் ஒரு நிலையத்தில் இரண்டு கன்களில் (வண்டியில் செருகும் சார்ஜர் கைப்பிடிகளில்) ஒன்று வேலை செய்யவில்லை. எனக்கு முன்னால் நான்கு வண்டிகள். ஆப்பில் இரண்டுமே காலி என்று காட்டிக்கொண்டிருந்தது. கஸ்டமர் கேரில் புகார் எண் கொடுத்தார்கள், வேறொன்றும் நடக்கவில்லை. அங்கே வேலையை நடத்தியது வரிசையில் நின்றவர்கள்தான். யாரும் 80-க்கு மேல் ஏற்றக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள், ஏனென்றால் அதற்கு மேல் வேகம் சரிந்து கடைசி 20-க்கே அரை மணிக்கு மேல் ஆகிவிடும். எனக்கு முன்னால் இருந்தவர் மதுரையிலிருந்து பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட்டுக்கு வருகிறார். பின்சீட்டில் தூங்கும் என் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "நான் அறுபதுலயே எடுத்துடறேன் சார், எனக்கு எச்எஸ்ஆர் வரைக்கும் போதும்" என்று கன்னை எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர்களுக்கு நன்றி. ஆனால் நெடுஞ்சாலை சார்ஜிங் வாகன ஓட்டிகளின் நல்ல குணத்தை நம்பி ஓடக்கூடாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொன்றிலும் முன்பணம், கெட்டுப்போன மிஷினை வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பது, இதையெல்லாம் சரி செய்யாமல் புதிதாக எத்தனை நிலையம் திறந்தும் பயனில்லை.

திரும்பவும் எலக்ட்ரிக் வாங்குவேனா? வாங்குவேன், யோசிக்கவே மாட்டேன். ஆனால் 40 யூனிட் வாங்க மாட்டேன், 55-க்கு மேல்தான். ஊர் சேலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு, அல்லது வீட்டில் இரண்டாவது வண்டி இருப்பவர்களுக்கு 40 தாராளம். வருடத்துக்கு நான்கைந்து தடவை மதுரை, திருநெல்வேலி போகும் ஒரே வண்டிக் குடும்பம் என்றால் பெரிய பேட்டரியைப் பாருங்கள், அந்தக் கூடுதல் லட்சங்கள் வீண் இல்லை.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். அப்பாவையோ அம்மாவையோ பின்சீட்டில் உட்கார வைத்து ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். ஷோரூமில் தருவது பத்து நிமிஷம்தான் என்றால், ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாவது ஓசூர் வரை போய் வாருங்கள்.