849 ரூபாயும் 1,202 பாத்தும்: மருத்துவக் காப்பீட்டை விரிவாக்கும் இரு வழிகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காகத் தமிழ்நாடு அரசு 2022 முதல் ஒரு குடும்பத்துக்குச் செலுத்தும் ஆண்டு பிரீமியம் 849 ரூபாய். தாய்லாந்து அரசு 2002-இல், ஒவ்வொரு சிகிச்சைக்கும் நோயாளி முப்பது பாத் (அந்நாட்டு நாணயம்) மட்டும் கட்டும் தனது முப்பது பாத் திட்டத்தில் பதிவான ஒவ்வொருவருக்கும் ஒதுக்கியது ஆண்டுக்கு 1,202 பாத். நம்முடையதுதான் மலிவு என்று இதை வைத்துத் தீர்ப்பெழுதிவிடலாம். ஆனால் அந்த இரு தொகைகளும் வாங்குவது வெவ்வேறு சரக்கு.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இன்றைய பெயரைப் பெற்ற நமது திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத ஏறத்தாழ 1.37 கோடி குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்குப் பொறுப்பேற்கிறது. பெருக்கிப் பார்த்தால் அரசின் செலவு ஆண்டுக்குச் சுமார் 1,160 கோடி ரூபாய். இந்தப் பணம் பெரும்பாலும் அறுவை சிகிச்சைகளுக்கும் உள்நோயாளிச் செலவுகளுக்குமே போகிறது. மாதந்தோறும் மெட்ஃபார்மின் வாங்கும் சர்க்கரை நோயாளிக்கு மருந்துக்கடையில் காப்பீட்டு அட்டையால் பயனில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அவருக்கு அதே மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். அதை மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. செலவு சுகாதாரத் துறையின் வேறொரு கணக்கில் ஏறுகிறது. அவருக்கே நாளை இதயத்தில் பைபாஸ் தேவைப்படும்போதுதான் காப்பீட்டு அட்டையும் முன் அனுமதியும் சிகிச்சைக்கென முன்பே குறித்த 'பேக்கேஜ்' தொகையும் வருகின்றன. பிரீமியம் சிறிதாகத் தெரிவதற்குக் காரணம், மீதிச் சுமையை அரசு மருத்துவமனைகள் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருப்பதே.

தாய்லாந்தின் 1,202 பாத்தில் புறநோயாளிச் சிகிச்சை, நோய்த்தடுப்பு, உள்நோயாளிச் சிகிச்சை எல்லாமே அடக்கம். முறைசாராத் தொழிலாளர்களிடம் பிரீமியம் வசூலிப்பது ஆகாத காரியம் என்று உணர்ந்து, ஏறத்தாழ முழுச் செலவையும் பொது வரிப்பணத்திலிருந்தே எடுத்தார்கள். புறநோயாளிகளுக்கான பணம் அந்தந்த மாவட்ட மருத்துவமனையில் பதிவானோரின் தலைக்கணக்குப்படி முன்கூட்டியே போய்விடுகிறது. உள்நோயாளிகளுக்கு நோய்வகை வாரியாக விலை உண்டு என்றாலும், மொத்த நிதிக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. தேவையற்ற ஸ்கேன் எழுதுவதால் மருத்துவமனைக்கு வருமானம் கூடாது. அந்நாட்டிலேயே அரசு ஊழியர்களுக்கென உள்ள தனித் திட்டம் நெடுங்காலம் பில்லுக்கு ஏற்பப் பணம் கொடுத்துவந்தது. அதில் தலைக்கு ஆன செலவு முப்பது பாத் திட்டத்தைப் போலப் பல மடங்கு. பணம் கொடுக்கும் முறை செலவை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறிந்தவரை இல்லை.

செலவு கணிப்பை மீறும்போது அடி யார் மேல் விழுகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. இங்கே ஒப்பந்தக் காலம் முடியும்வரை காப்பீட்டு நிறுவனம் தாங்கும். அடுத்த டெண்டரில் அதைப் பிரீமியத்தில் ஏற்றிக் கேட்கும். தாய்லாந்தில் அடி மருத்துவமனை மேல் விழுகிறது. அங்கே பல அரசு மருத்துவமனைகள் பற்றாக்குறையில் தள்ளாடியதும், மருத்துவர்கள் தனியாருக்குப் போனதும் அதன் விளைவுகளே. காப்பீட்டு நிறுவனத்தின் இலாபத்தை மிச்சப்படுத்த, அரசே அமைத்த அறக்கட்டளை மருத்துவமனைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் வழியை எடுத்த ஆந்திரத்தின் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டத்திலோ சுமை நேராகக் கருவூலத்துக்கே வந்தது. நிலுவை சேர்ந்தபோது தனியார் மருத்துவமனைகள் சேவையை நிறுத்துவதாக அறிவித்தன.

தமிழ்நாட்டு முறையில் எனக்குப் பிடித்த கூறு ஒன்று உண்டு: அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் தொகையைக் கோரிப் பெறலாம். சம்பளம் கருவூலத்திலிருந்து வர, காப்பீட்டுப் பணமும் சேர்வது இரட்டைச் செலவாகத் தோன்றலாம். ஆனால் ஸ்டென்ட்டுக்கும் செயற்கை மூட்டுக்கும் கையில் பணம் இருப்பது அங்கு சிறிய விஷயமல்ல.

ஒன்றிய அரசு 2024-இல் வருமான வரம்பின்றி 70 வயது நிரம்பிய அனைவரையும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்த்தது. அவர்களுக்கும் 5 லட்சம் ரூபாய் கிடைப்பது உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான். மாத மருந்துச் செலவு சட்டைப்பையிலிருந்தே போகிறது. அடுத்த விரிவாக்கம் அந்தச் செலவைக் குறிவைப்பதாக இருந்தால், புறநோயாளிப் பில்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைப்பதைவிட, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தாய்லாந்து பாணியில் தலைக்கணக்கு நிதி கொடுப்பதே கட்டுப்படியாகும்.