நகராட்சி அப்டேட் சர்வீஸ்: பார்க்குக்கு பாஸ், பட்ஜெட்டுக்கு அரியர்

எங்க நகராட்சியோட அப்டேட் சர்வீஸ எட்டு மாசமா யூஸ் பண்றேன். வாரத்துக்கு ஒரு மெயில், ஒரு ஆப், ஆப்புக்குள்ள ஒரு மேப், அவ்ளோதான் மேட்டர். பார்க், பட்ஜெட், ரோடு வேலை எல்லாம் வீட்ல உக்காந்தே தெரிஞ்சுக்கலாம்னு சொன்னாங்க, சரின்னு சேந்தேன். 5க்கு 3 ஸ்டார். அந்த 3-ல ரெண்டு பார்க் செக்‌ஷனுக்கு மட்டும்.

ஏன்னா பார்க் அப்டேட் எழுதுறவர் யாரோ தெரியல, மனுஷன் நிஜமாவே பார்க்குக்கு போறவர். எந்த கேட் பூட்டியிருக்கும், டாய்லெட்ல தண்ணி வருதா, ஒரு மரத்த வெட்டுறாங்கன்னா உள்ள அழுகிப்போச்சா இல்ல வேர் பைப்ப உடைக்குதா, இதெல்லாம் ரெண்டு வரில வரும். மரம் வெட்டுறதுக்கு முன்னாடியே காரணத்த சொல்லிட்டா பாதி சண்டை வராது, இத ஒருத்தராவது புரிஞ்சு வெச்சிருக்காங்களேன்னு எனக்கு சந்தோஷம்.

ஆனா அந்த பார்க்லயே புதுசா பிள்ளைங்க விளையாடுற இடம் கட்டுறாங்க, அது பொதுப்பணி செக்‌ஷன்ல வரும், அங்கதான் கூத்து. "95% பணிகள் நிறைவு"ன்னு ஒரு மெயில். அடுத்த வாரமும் 95. நாலு வாரம் அதே 95. என் பொண்ணு தினமும் தகர வேலி இடுக்கு வழியா எட்டிப் பாத்துட்டு "அப்பா, ஊஞ்சல இன்னும் கயிறு போட்டு கட்டித்தான் வெச்சிருக்காங்க"ன்னு வந்து சொல்லுவா, அவ அப்டேட்தான் கரெக்டா இருந்துச்சு. ஒரு நாள் நானே போய் அங்க நின்ன சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். சறுக்கு, ஊஞ்சல், ஏணி எல்லாம் நட்டாச்சு சார், கீழ ரப்பர் தரை மட்டும் பாக்கி, அது இல்லாம திறக்க முடியாதுன்னாரு. நியாயம்தான். குழந்தை விழுந்தா அடிய தாங்குறது அந்த தரைதான், எவ்ளோ உயரத்துலேர்ந்து விழுந்தா எவ்ளோ தாங்கணும்னு டெஸ்ட் பண்றதுக்கே ஐரோப்பாவுல ஈ.என். 1177னு தனி ஸ்டாண்டர்ட் இருக்கு. அப்போ 95%னா என்னன்னு கேட்டேன். "அது பில் போட்ட கணக்கு சார்"னு சிரிச்சாரு. அதாவது பணம் 95% போயிருச்சு, பிள்ளைங்க விளையாடக் கிடைச்சது 0%. இந்த ஒரு வரிய மெயில்ல போட்டிருந்தா நான் அங்க போயிருக்கவே மாட்டேன்.

இன்னொரு பெரிய கடுப்பு என்னன்னா பழைய தேதிய அழிச்சிடுறாங்க. முடியுற தேதி மார்ச்னு இருக்கும், ஏப்ரல்ல போய்ப் பாத்தா அதே இடத்துல ஜூன்னு இருக்கும், மார்ச்னு ஒண்ணு இருந்த தடயமே இருக்காது, நாமதான் தப்பா படிச்சிட்டோமோன்னு நமக்கே டவுட் வந்துரும். வேலை லேட் ஆகுறதையோ செலவு கூடுறதையோ நான் குறை சொல்லல. உலகம் முழுக்க அப்படித்தான், ஃப்ளூப்யர்க்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரோட டீமும் 258 போக்குவரத்து திட்டங்கள எடுத்துப் பாத்து 2002-ல ஒரு கட்டுரை போட்டாங்க, பத்துல ஒம்போது திட்டத்துக்கு எஸ்டிமேட்டத் தாண்டித்தான் செலவு ஆயிருக்கு, ரயில் திட்டங்கள்ல சராசரியா 45% கூட. இது அவங்களுக்கு தெரிஞ்சதுக்கே முத எஸ்டிமேட்ட பத்திரமா வெச்சிருந்ததுதான் காரணம். எங்க ஆப்ப வெச்சு எவனும் அப்படி ஒரு ஆராய்ச்சி பண்ண முடியாது, இங்க எல்லா வேலையும் எப்பவுமே டைமுக்கு முடியுது.

பட்ஜெட் செக்‌ஷன் பத்தி அதிகம் பேச ஒண்ணும் இல்ல. ஸ்கேன் பண்ண பிடிஎஃப், கொஞ்சம் சாய்ஞ்சு வேற இருக்கு, தேடுனா ஒரு வார்த்தை சிக்காது. மெயில்ல "பூங்கா மேம்பாட்டுக்கு நிதி ஒதுக்கீடு"ன்னு பெருசா வரும். ஒதுக்குனது வேற, செலவு பண்ணது வேற, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டாத்தானே நமக்கு ஏதாவது புரியும்? அப்புறம் புதுசா கட்டுறது மூலதனச் செலவு, கட்டுனத பராமரிக்கிறது வருவாய்க் கணக்கு, அதாவது அன்றாடச் செலவு. ரிப்பன் வெட்ட காசு இருக்கும், அடுத்த வருஷம் குழாய் ஒழுகுனா வாஷர் மாத்த காசு இருக்காது, காரணம் இந்த ரெண்டு கணக்கும் தனித்தனி பை. இத விளக்க ஒரு பத்தி போதும், போட மாட்டாங்க. அதுக்கு பதிலா "பெஞ்சுக்கு என்ன கலர் வேணும்"னு ஓட்டு போடச் சொல்றாங்க. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேல 1989-லயே ஏரியா மக்கள் கூடி எந்த வேலைக்கு முதல்ல காசுன்னு பட்ஜெட்லயே கை வெச்சாங்க, நமக்கு பச்சையா நீலமா. (நான் பச்சை. நீலம் ஜெயிச்சுது.)

புகார் பட்டன் பத்தியும் சொல்லிடுறேன். தெருவுல ஒரு பள்ளம், போட்டோவோட போட்டேன், மூணே நாள்ல "தீர்க்கப்பட்டது"ன்னு வந்துச்சு, வெளிய வந்து பாத்தா பள்ளம் அப்படியேதான் கிடக்கு, மழை பெஞ்சதுல கூட கொஞ்சம் வாய் விரிஞ்சிருந்துச்சு. பிரிட்டன்ல 2007-லேர்ந்து ஓடுற ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்ங்கற தெரு புகார் வெப்சைட்ல புகார் எல்லாருக்கும் தெரியுற மாதிரி இருக்கும், நாலு வாரம் கழிச்சு போட்டவங்களுக்கே சரியாச்சான்னு கேட்டு மெயில் வரும். இங்க புகார மூடுறதும் நகராட்சி ஆளுதான், சரியாச்சுன்னு சொல்றதும் அவரேதான்.

சேரலாமான்னு கேட்டா சேருங்க, பார்க் அப்டேட்டுக்காகவே சேரலாம். செட்டிங்ஸ்ல போய் உங்க வார்டு மட்டும் வெச்சுக்கிட்டு "நிகழ்ச்சிகள்"ங்கறத ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா திறப்பு விழா போட்டோவாவே வந்து கொட்டும். முக்கியமா, தேதி எதுவா இருந்தாலும் பாத்த உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. அந்த ஒரே விளையாட்டு இடத்துக்கு என்கிட்ட அஞ்சு ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, அஞ்சுலயும் வேற வேற தேதி. மொத்தத்தையும் சேத்து ஃபீட்பேக்ல அனுப்பினேன், ஒரு டிக்கெட் நம்பர் வந்துச்சு, மறுநாளே "தீர்க்கப்பட்டது".