வார்டா, தியேட்டரா?

பேராதனையில் மருத்துவம் இறுதியாண்டு படிக்கும் பெரியம்மா மகள், எந்தத் துறையில் நிபுணராவது என்று கேட்டாள்: “அண்ணா, மெடிசினா, சேர்ஜரியா?”

மெடிசின், அதாவது பொது மருத்துவம், நிதானமான வேலை. நீரிழிவு, பிரஷர், ஆஸ்துமா என்று ஒரே முகங்களை வருடக்கணக்கில் பார்க்கலாம். தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி கிளினிக் வரும் அம்மாவின் மாத்திரைப் பையைப் பிரித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். குறைவான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சேர்ஜரி, அதாவது சத்திரசிகிச்சை, வேறு மாதிரி. குடல்வால் வெடித்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது. மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து ஒருவரைக் கீழே இறக்குவதற்கே நேரம் போய்விடும். அதற்கப்புறம் கண்டிக்கு அனுப்புவதென்றால் இன்னும் நீண்ட, வளைவான பாதை. பக்கத்து வைத்தியசாலையிலேயே சத்திரசிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் இருந்தால் கணக்கே மாறும்.

சேர்ஜரிக்குக் காலம் அதிகம் என்று பயப்படுத்துவார்கள். இரண்டுக்குமே இன்டர்ன்ஷிப், பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சை, எம்.டி. என்ற மேற்பட்டம், வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் உண்டு. ஆபரேஷன் தியேட்டரில் கால் கடுக்க நிற்பதும், இரவில் எழுப்பப்படுவதும் உண்மைதான். பொம்பளப்பிள்ளைக்கு எதற்கு என்ற பேச்சை மட்டும் காதில் வாங்காதே. நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்தவரின் பேத்தி நீ.

கை நடுங்கும் என்கிறாய். எனக்கும் நடுங்கியது. கதிரைக் கையில் நூல் கட்டித்தான் முடிச்சுப் பழகினேன். லீவில் வரும்போது ஒரு நூற்கட்டை கொண்டு வா, ஒற்றைக்கை முடிச்சைக் காட்டுகிறேன்.