மெதுவாக எழுதினால் நின்று பேசும்: டிவிடி ரைட்டரோடு பல வருடம்

கல்யாணம், காதுகுத்து, பீலிக்கான் கோயில் திருவிழா என்று மியான்மரின் யாங்கோனில் நான் எடுக்கும் வீடியோக்களை இன்றும் டிவிடியில் எழுதித் தருகிறேன். பென் டிரைவ் கொடுத்தாலும் வீட்டுப் பெரியவர்கள், "டிஸ்க் இல்லையா தம்பி?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்காகவே டெஸ்க்டாப்பில் ஒரு டிவிடி ரைட்டரைப் பல வருடமாக ஓட்டுகிறேன்.

ரைட்டரின் பெட்டியில் எழுதும் வேகம் 16எக்ஸ், அதாவது அடிப்படை டிவிடி வேகத்தைப் போல 16 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருக்கும். நொடிக்குச் சுமார் 22 எம்பி. ஆனால் டிரைவ் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுருளாக எழுதிக்கொண்டு போகிறது. முழு வேகம் வருவது வெளி ஓரத்தை நெருங்கும்போதுதான். அப்போது டிஸ்க் நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுழலும். டிஸ்க் துளி கோணலாக இருந்தாலும் டிரைவ் முழுக்க அதிரும். 8எக்ஸில் எழுதினால் கூடுதலாக இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அவ்வளவுதான். நான் எப்போதும் 8எக்ஸ்தான்.

எழுதத் தொடங்கும் முன் டிரைவ் கொஞ்சம் தயங்கும். பலர் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். இல்லை. டிஸ்க்கின் உள் ஓரத்தில் இதற்கென்றே ஒதுக்கிய இடத்தில் லேசரைச் சோதித்து, அந்த டிஸ்க்குக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று பார்க்கிறது. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் சாயப் பூச்சைச் சூடாக்கிப் புள்ளிகளும் கோடுகளுமாக அடையாளம் வைக்கும். படிக்கும்போது அதே லேசர் மிகக் குறைந்த சக்தியில் ஓடி, திரும்பி வரும் ஒளி எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பார்க்கிறது. மலிவு டிஸ்க்கில் பூச்சு ஒரே சீராக இருக்காது. அங்கேதான் படம் திக்கும். டிஸ்க்கில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம் நம் ஊர் கரண்ட். கம்ப்யூட்டர் தரவு அனுப்பத் தாமதித்தால் டிரைவ் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரும். கரண்ட் போனால் அந்த வித்தை பலிக்காது, ஒருமுறை மட்டுமே எழுத முடிகிற டிவிடி-ஆர் டிஸ்க் குப்பைக்குத்தான். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓட வைக்கும் யுபிஎஸ் கட்டாயம்.

பெயர் எழுத மென்முனை மார்க்கர் போதும். சிடியில் இது இன்னும் முக்கியம்: டிவிடியில் பூச்சு இரண்டு 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு நடுவே இருக்கிறது, சிடியில் மேல்பக்க வார்னிஷுக்கு நேர் கீழே. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அந்த இடத்தில் தரவு போய்விடும்.

எழுதி முடித்ததும் ஃபைனலைஸ் செய்து (மற்ற பிளேயர்களும் படிக்கும்படி டிஸ்க்கை மூடி), வெரிஃபையும் (எழுதியது சரியா என்ற சோதனை) ஓட்டிவிட்டு, வேறொரு பழைய பிளேயரில் கடைசிப் பாட்டு வரை போட்டுப் பார்க்கிறேன். கோளாறு இருந்தால் பெரும்பாலும் வெளி ஓரத்தில்தான் இருக்கும், அதாவது வீடியோவின் கடைசியில்.