பிப்ரவரிப் புழுக்கத்தில் ஒரு கொலாஜன் பெட்டி

சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையை வைத்து மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்களின் திட்டுகளை வளர்த்து எண்ணுவதற்கென்று விற்கும் கொலாஜன் பெட்டி ஒன்றை மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் ஆய்வகத்துக்கு மற்ற சாமான்களும் அங்கிருந்துதான் வரவேண்டும். விலை டாலரில். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்து ராண்டாக மாற்றிப் பார்த்தால் வயிறு எரியும்.

இது தேவைப்பட்டதற்குக் காரணம் சுண்டெலி நஞ்சுக்கொடியின் பிஎல்பி-ஈ என்ற ஹார்மோன். புரொலாக்டின் குடும்பத்தைச் சேர்ந்தது. நஞ்சுக்கொடியின் ராட்சத டிரோபோபிளாஸ்ட் செல்கள் சுரப்பது. மஜ்ஜையின் இளஞ்செல்களை மெகாகேரியோசைட்டாக முதிரத் தூண்டுகிறது என்று 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரத்தத் தட்டணுக்கள் பிறப்பது அந்தப் பெரிய செல்களிலிருந்துதான். மஜ்ஜையைக் கொலாஜனில் கலந்து கண்ணாடித் தகடுகளில் ஊற்றி வளர்க்கிறோம். ஹார்மோன் சேர்த்த கண்ணாடி, சேர்க்காத கண்ணாடி, எதில் திட்டு அதிகம்? எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் தடவை கோட்டை விட்டேன். கொலாஜன் ஐஸில் இருக்கும்வரை தண்ணீர். சூடு ஏறினால் இறுகிவிடும். செய்முறைத் தாளோ "கலந்தவுடன் ஊற்றவும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. அன்று மின்வெட்டு. ஜெனரேட்டர் ஃப்ரீசருக்கும் இன்குபேட்டருக்கும் உண்டு, ஏசிக்குக் கிடையாது. இரண்டாவது கண்ணாடிக்குப் போவதற்குள் பிப்பெட் முனையில் நூல் நூலாகத் தொங்கியது, பதம் தாண்டிய அதிரசப் பாகு மாதிரி. இப்போது பிப்பெட் முனைகளையும் முந்தின இரவே ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன். இதைத் தாளில் போட்டிருந்தால் ஒரு சுண்டெலியின் மஜ்ஜை வீணாகியிருக்காது.

ஆனால் சாயம்! கொடுத்த காசு அதற்கே தகும். ஒரு வாரம் வளர்த்து, ஜெல்லைக் காயவைத்து, அசிட்டோனில் நிலைப்படுத்தி, சாயக் கரைசலில் சில மணி நேரம் விட்டால், மெகாகேரியோசைட்டுகள் மட்டும் பழுப்பாகின்றன. சுண்டெலியின் மெகாகேரியோசைட்டில் அசிட்டைல்கோலின்எஸ்ட்ரேஸ் என்ற நொதி நிறைய இருப்பதுதான் சூட்சுமம். மைக்ரோஸ்கோப்பில், வெளிறிய சிறு செல்களுக்கு நடுவே, சொட்டிய டிகாக்ஷன் கறை போல மூன்று நான்கு பெரிய செல்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். மூன்று இருந்தால்தான் ஒரு திட்டு என்று கணக்கு. ஹார்மோன் சேர்த்த கண்ணாடிகளில் எண்ணிக்கை கூடியது கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் எந்தக் கண்ணாடி எது என்று சொல்லாமல் தோழியை இன்னொரு முறை எண்ணவைத்தேன். அவளுக்கும் அப்படியே வந்தது.

மனித மஜ்ஜையில் வேலை செய்பவர்கள் இந்தச் சாயத்தை நம்பி வாங்கவேண்டாம். அந்த நொதிச் சூட்சுமம் மனித செல்லில் எடுபடாது, அவர்களுக்கு ஆன்டிபாடி வைத்து அடையாளம் காண்பதுதான் வழி. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குத் தட்டணு குறைவு. "ஏம்மா, அந்த எலி மருந்தை எனக்குக் கொடுக்கக்கூடாதா?" என்று கேட்டார். "பெரியம்மா, நமக்குப் புரொலாக்டின் மரபணு ஒன்றே ஒன்றுதான், சுண்டெலிக்கு இருபதுக்கும் மேல். இந்த ஹார்மோன் நமக்குக் கிடையாது" என்றேன். "எலிக்கு வந்த வாழ்வைப் பார்" என்றார்.

மற்றபடி, கண்ணாடிகள் தரமானவை. ஜெல்லைக் காயவைக்கும்போது மேலே போடும் இடைவெளித் துணிகள் எண்ணி வைத்தது போல் வருகின்றன. ஒன்று கிழிந்தால் வேறு இல்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அடுத்த பெட்டியை ஜூன் மாதக் குளிரில் வந்து சேரும்படி ஆர்டர் செய்திருக்கிறேன்.